மரியாதைக்குச் சொன்னது

டாக்டர் தரப்பிலிருந்து வந்த பதில் நோட்டீசை மனதுக்குள் வாசித்துக்கொண்டே வந்த வக்கீல் சுப்பராமன், இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதே இடத்தை மறுபடி வாசித்தார். பிறகு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்துத்தாயை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, 'ஒங்க மேல குத்தம் சொல்லலை'ன்னு டாக்டர்கிட்ட நீ சொன்னியா?"

"சொன்னேன்யா."

"எப்ப?"

"போனப்பல்லாம் சொன்னேன்."

பக்கத்தில் நின்ற குமாஸ்தா கண்ணுச்சாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று முத்துத்தாய்க்கு விளங்கவில்லை. புருஷன் தவசியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுப்பராமன் இலவச சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த வக்கீல். மதுரை ஜில்லா கோர்ட்டுக்குப் பின்னால், பழைய கேஸ் கட்டுகள் அடைத்த ஓர் அறையில் வாரத்தில் சில நாள் உட்காருவார். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் களைத்தே இருப்பார். நோட்டீசில் இருந்ததை அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். அவள் வயிற்றுக்குள்ளிருந்து துணி எடுத்ததை டாக்டர் கைலாசநாதன் மறுக்கவில்லை. அதை வைத்துத் தைத்தது தான் இல்லை என்கிறார். பல வருஷத்துக்கு முன் திருமங்கலம் முகாமில் அவள் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள் அல்லவா, துணி அங்கே உள்ளே போனதுதானாம். அது அவளுக்கே தெரியுமாம். தெரிந்துதான் வந்தபோதெல்லாம் நர்சு முன்னால், நோயாளிகள் முன்னால், டாக்டர் மேல் குற்றமில்லை என்று தன் வாயால் சொன்னாளாம்.

"சொன்ன வார்த்தையும் இருக்கு, கேட்ட சாட்சியும் இருக்கு. இது நின்னுட்டா டாக்டர் கூண்டுல ஏற வேண்டிய அவசியமே இல்லைம்மா. ஒன் வாயாலயே கேஸ் முடிஞ்சிரும்" என்றார்.

கூண்டில் ஏற வேண்டியதில்லை என்ற சொல் மட்டும் அவளைத் தைத்தது. நஷ்டஈடு என்று மனுவில் ஏதோ தொகை எழுதப்போகிறார்கள்; எழுதட்டும். அவள் வந்தது அதற்கு இல்லை. அந்த மனிதனை நாலு பேர் பார்க்க நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்கு அவர் பதில் சொல்லியே தீர வேண்டும். அதற்காகத்தான் பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து, தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, பஸ் மாறிப் பஸ் மாறி வருகிறாள்.

அவள் ஊரில் யாரும் ஒரு முறையீட்டை முறையீடாகத் தொடங்குவதில்லை. பொடிப் பயல் காதில் ரத்தம் வர வாத்தியார் அறைந்தால், பெற்றவள் பள்ளிக்கூடத்துக்குப் போய், "வாத்தியார் மேல குத்தஞ் சொல்லல சார், பய காதுல ரத்தம் வருது" என்பாள். கூட்டுறவுச் சங்கத்தில் மக்கிப்போன விதையைக் கொடுத்து முளைக்காமல் போனால், "ஐயா மேல குத்தமில்ல, எங்க நேரம், வெத மொளைக்கல" என்பார்கள். முத்துத்தாயின் ஆத்தா அப்படித்தான் பேசினாள். அந்த ஆத்தாவோடு களை எடுத்தவர்களெல்லாம் அப்படித்தான் பேசினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது போல, முதலில் அந்த வார்த்தையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அவளுக்கு அது ஒரு வார்த்தை என்றே தோன்றியதில்லை. இருமிவிட்டுப் பேசத் தொடங்குகிறோமே, அதை யாராவது எழுதி வைத்துக்கொள்வார்களா?

எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பஞ்சாயத்துத் தலைவர் சின்னக்கருப்பன்தான் சொக்கிகுளத்திலிருந்த அந்த நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார். கைராசிக்கார டாக்டர் என்றார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் தவசி தட்டில் பழமும் வெற்றிலையும் தேங்காயும் வைத்து டாக்டர் முன்னால் நீட்டினான். அவள் வலியோடு குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். 1982ஆம் வருஷம், ஆவணி மாதம். பருத்தி ஊன்றுவதற்குள் எழுந்து நடமாடிவிடலாம் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் வந்தது. தையலின் ஒரு மூலையில் நீர் கசிந்தது. பிறகு நாற்றம்.

அந்த நாற்றத்தைப் பற்றி அவள் சுப்பராமனிடம் கொஞ்சம்தான் சொல்லியிருக்கிறாள். முழுக்கச் சொல்ல வார்த்தை இல்லை. செத்த எலி எங்கோ கிடக்கிறதென்று முதலில் தானியக் குலுக்கைக்குப் பின்னாலெல்லாம் தேடினார்கள். தேடிக்கொண்டே நாத்தனார் சோணையம்மாள் அவளருகே வந்தபோது சட்டென்று நின்றாள். சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோகாமல் இருக்க அவள் பட்ட பாட்டை முத்துத்தாய் பார்த்தாள். அது தன்னிடமிருந்து வருகிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டரிடம் போனார்கள். கதவருகே இருந்த நர்சு யாரென்று கேட்க, "டாக்டரய்யா மேல குத்தஞ் சொல்ல வரலம்மா, புண்ணுல இருந்து நாத்தம் வருது" என்றாள். உள்ளே போயும் அதையே சொன்னாள். கைலாசநாதன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்தபடியே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மாத்திரைச் சீட்டை அவளிடம் தராமல் தவசியிடம் நீட்டி, "வீட்ல சுத்தமா இருக்கச் சொல்லுப்பா. குளிக்கச் சொல்லு. இந்த மாதிரி இருந்தா புண்ணு எப்படி ஆறும்?" என்றார்.

அவள் குளித்தாள். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் குளித்தாள். மஞ்சளை அரைத்து உடம்பெல்லாம் பூசினாள். காலையிலும் குளித்தாள், உச்சி வெயிலிலும் குளித்தாள், விளக்கு வைக்கும் முன்னும் குளித்தாள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் வேப்பிலை வாசத்தையும் மஞ்சள் வாசத்தையும் தள்ளிக்கொண்டு அது எழுந்து வரும். நகத்தால் தேய்த்துத் தேய்த்துத் தொடையிடுக்கெல்லாம் தோல் உரிந்தது. தன் உடம்பில் தான் அறியாத அழுக்கு எங்கோ இருக்கிறது என்று நம்பினாள். முன்பு செய்த எதற்கோ இது தண்டனையோ என்று நினைத்தாள். தனித் தட்டு, தனிச் செம்பு என்று யாரும் சொல்லாமலே அவளே பிரித்து வைத்துக்கொண்டாள். தவசி களத்தில் காவல் என்று சொல்லிவிட்டு அங்கேயே படுக்கப் போனான். களத்தில் அப்போது காவல் காக்க ஒன்றுமில்லை.

மறுபடி டாக்டரிடம் போனாள், அதற்கப்புறமும் போனாள். ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தையை முதலில் சொன்னாள். கடைசியில் போனபோது அவரைப் பார்க்கவே விடவில்லை. மற்ற நோயாளிகள் சங்கடப்படுகிறார்கள் என்று நர்சு சொன்னாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

தை பிறப்பதற்குள் நினைவு தப்பிவிட்டது. அண்ணன் முத்திருளன் டவுனுக்குக் கொண்டுபோய் சர்க்கார் ஆஸ்பத்திரியில் போட்டான். அங்கே வயிற்றைத் திறந்தார்கள். கண் விழித்தபோது கட்டிலருகே நின்ற சின்ன வயது லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "யாரும்மா ஒனக்கு முதல்ல ஆபரேஷன் பண்ணது?" அந்தப் பெண்ணின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. ரத்தம் ஒத்தியெடுக்கிற துணி, கைக்குட்டை அளவுக்கு, குடலோடு ஒட்டி அழுகிப் போய்க் கிடந்ததாம். குடலிலும் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டி வந்ததாம். "நீ அழுக்கா இருந்ததால வந்த நாத்தம் இல்லம்மா அது" என்று அந்த டாக்டர் சொன்னாள். முத்துத்தாய் கேட்காமலே சொன்னாள். தையல் பிரிந்துவிடும், அழாதே என்று நர்சு வந்து தோளைப் பிடிக்கும்வரை முத்துத்தாய் அழுதாள்.

பிற்பாடு கோர்ட் விஷயமாகச் சுப்பராமன் போய்க் கேட்டபோது அதே லேடி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, துணி எடுத்தேன் என்று வந்து சொல்கிறேன், யார் வைத்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றாளாம். அவளுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் சிலருக்குக் கைலாசநாதன் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

அழுகை முடிந்த இடத்தில்தான் கோபம் தொடங்கியது. துணி உள்ளே போனதற்குக்கூட இல்லை. கைமறதி, நூறு பேருக்குச் செய்கிறவருக்கு ஒரு முறை தவறியிருக்கலாம் என்று அதற்கு அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். ஆனால் உடம்பைத் திறந்து மூடிய மனிதருக்கு, தையலிலிருந்து அந்த நாற்றம் வந்தால் உள்ளே என்ன கிடக்கும் என்று தெரியாதா? தெரிந்துதானே எழுந்து வரவில்லை? தெரிந்துதானே குளி என்றார்? அவள் தோலை உரித்துக்கொண்ட நாளெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்ததா? இதுதான் அந்தக் கேள்வி. சோறு பொங்கும்போதும் வந்தது. குனிந்து களை எடுக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுப்பதைப் பார்க்கும்போதும் வந்தது.

கேஸ் கொடுப்பதற்கே கோர்ட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், எவ்வளவு கேட்கிறோமோ அதற்குத் தக்கபடி. கட்ட வழியில்லாதவர்கள் ஏழை என்று மனுப் போட்டு அதை நிரூபிக்க வேண்டும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அவள் வீட்டுக்கு வந்து ஆடுகளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். தாலியில் கோத்திருந்த குண்டுமணி தங்கமா என்று கேட்டார். டாக்டரின் வக்கீல் அவள் ஏழையே இல்லை, புருஷன் பேரில் காடு இருக்கிறது என்று ஆட்சேபம் போட்டார். மழை பெய்தால் மட்டும் விளைகிற காடு. அவள் ஏழைதான் என்று சர்க்கார் ஒத்துக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊரில் அவளைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள்.

அதற்கிடையில் சின்னக்கருப்பன் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, தவசி கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு, டாக்டர் மனசு வைத்து ஏதோ கொடுப்பதாகச் சொல்கிறார் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான். முத்துத்தாய் மதுரைக்கு வந்து அவர் முன்னால் அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்லிவிட வேண்டும்; எழுதிக் கைநாட்டும் வைக்க வேண்டும்.

"ஏற்கனவே சொன்னதுதான தங்கச்சி. புதுசா என்னத்தச் சொல்லப்போற? நாக்கு தேஞ்சா போயிரும்?"

"நாக்கு தேயாதுண்ணே. கொடலுதான் கொஞ்சம் தேஞ்சு போச்சு" என்றாள் முத்துத்தாய்.

சின்னக்கருப்பன் தவசியைப் பார்த்துச் சிரித்தார், பொம்பளையை எப்படி வளர்த்திருக்கிறாய் பார் என்கிற சிரிப்பு. தவசியும் சிரித்தான். சிரித்தது பழக்கத்தில்தான், அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து போன விதம் அவளுக்குள் தங்கிவிட்டது.

விசாரணை நாளில், கோர்ட் தாழ்வாரத்தில் கண்ணுச்சாமி அவளை ஓரமாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். "அந்தக் கேள்வி வரும். சொல்லலன்னு சொல்லு. ஒத்த வார்த்த. ரெண்டாவது வார்த்த வேணாம். அவங்க நர்சக் கொண்டாந்து நிறுத்தட்டும், டாக்டர்கிட்டச் சம்பளம் வாங்குற ஆளுன்னு நாங்க பேசிக்கிறோம்."

"சொன்னேனேண்ணே."

"சொன்ன சரி. கோர்ட்டுல சொல்லாதங்கிறேன்."

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். சுப்பராமன் கேட்கக் கேட்க நாற்றத்தையும் கைக்குட்டையையும் சொன்னாள். முன் வரிசையில் கைலாசநாதன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய விபூதிக் கோடு. பின்னால் அந்த நர்சு. அவருடைய வக்கீல் அனந்தராமன் எழுந்து அவளிடம் வந்தார். அன்று அந்த அறையில் அவளை 'நீங்க' என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப டாக்டருக்குத் தட்டு வச்சுக் குடுத்தீங்களா?"

குடுத்தோம் என்றாள். காலைத் தொட்டுக் கும்பிட்டீர்களா என்றார். கும்பிட்டேன் என்றாள். முகாமில் முன்பு ஆபரேஷன் செய்துகொண்டதையும் கேட்டார்; ஆமாம் என்றாள். எல்லாம் உண்மைதான். ஒவ்வொரு உண்மையும் தன் கையிலிருந்து அவர் கைக்குப் போனதும் வேறொன்றாக மாறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் டாக்டரைப் பாக்க வந்தப்பல்லாம், 'ஒங்க மேல குத்தம் சொல்லலை'ன்னு நீங்களா விரும்பிச் சொன்னீங்க. அப்படித்தானே?"

கண்ணுச்சாமி சுவரோரம் நின்று அவளையே பார்த்தார். ஒத்த வார்த்தை. அது நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால், தான் சொன்னதைத் தானே விழுங்கினால், சற்று முன் நாற்றம் என்று சொன்னதை யார் நம்புவார்கள்? அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. சொன்னது அவள். அத்தனை முறையும் இந்த வாய்தான் சொன்னது. ஒளித்துவைத்தால் அது இன்னும் உள்ளேயே கிடந்து அழுகும்.

"சொன்னேன்."

நீதிபதி தட்டச்சுக்காரரிடம் சொல்லச் சொல்ல மிஷின் அடித்தது: "டாக்டர் மீது குற்றம் சொல்லவில்லை என்று பலர் முன்னிலையில் நான் சொன்னேன் என்றால் சரிதான்." அவள் வாய் வேறொருவர் தமிழில் பேசுவதை அவள் கேட்டாள். கைலாசநாதன் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். அனந்தராமன் வணங்கிவிட்டுப் போய் அமர்ந்தார்.

சுப்பராமன் எழுந்தார். களைப்பாகத்தான் எழுந்தார். மறு விசாரணையில் ஒரே ஒரு கேள்வி என்று நீதிபதியிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றார்.

ஏன் என்று அவளை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாம இருந்தா உள்ள விடுவாங்களாய்யா? வாசல்ல நர்சு நிக்கிது. டாக்டரு தப்புப் பண்ணிட்டாருன்னு சொன்னா கதவத் தெறக்குமா? எங்காளுக எந்த ஆபீசுக்குப் போனாலும் அதச் சொல்லிட்டுத்தான் வாயத் தெறக்கணும். குத்தஞ் சொல்லலன்னு சொல்லித்தான்யா நாங்க குத்தஞ் சொல்றது. அவருக்கும் அது தெரியும். எத்தன பட்டிக்காட்டுச் சனத்தப் பாத்தவரு, தெரியாதா?"

அனந்தராமன் ஏதோ சொல்ல எழுந்தார், நீதிபதி கையமர்த்தினார். பிறகு தட்டச்சுக்காரரிடம் சொன்னார்: "மேற்படி வார்த்தையை நான் மரியாதைக்காகச் சொன்னேன்."

மிஷின் அடித்து முடித்தது. சுப்பராமன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இது போதும் என்று அவர் தலையசைத்தார். அவளுக்கு மட்டும் அந்தச் சொல் ஒட்டவில்லை. மரியாதை. அந்தக் கைக்குட்டைக்கு முன்னால் நின்றபோது தன்னிடம் இருந்தது மரியாதையா?

"மரியாதைக்கு இல்லய்யா" என்றாள்.

நீதிபதி நிமிர்ந்தார்.

"பயத்துல சொன்னது. அத மாத்தி எழுதுங்க."

அந்த வார்த்தையை அவளும் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டாள். கேட்டதும் ஆத்தா ஞாபகத்துக்கு வந்தாள். காதில் ரத்தம் வடிந்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாத்தியார் முன்னால் நின்றது அவள் ஆத்தாதான், அந்தப் பிள்ளை முத்திருளன். இன்றைக்கும் முத்திருளனைக் கூப்பிட வேண்டுமென்றால் வலது பக்கமாகப் போய் நின்றுதான் கூப்பிட வேண்டும். மரியாதை தெரிந்த குடும்பம் என்று அந்த வாத்தியார் ஊரில் சொல்லித் திரிந்தார். அதில் அப்பன் பெருமைப்பட்டான். அவளும் பெருமைப்பட்டிருக்கிறாள். இவ்வளவு காலமும் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

நீதிபதி அடித்ததை அழிக்கச் சொன்னார். தட்டச்சுக்காரர் 'மரியாதைக்காக' என்பதன் மேல் வரிசையாகக் குறுக்குக் கோடு அடித்தார். பிறகு அதன் பக்கத்தில் 'பயத்தினால்' என்று அடித்தார். சாட்சியம் முடிந்ததும் அதை வாசித்துக் காட்டினார்கள். அவள் கட்டைவிரலை வைத்தாள்.

"இனி அவர் ஏறித்தான் ஆகணும்" என்றார் சுப்பராமன் தாழ்வாரத்தில். அவர் களைப்பு கொஞ்சம் போயிருந்தது.

கைலாசநாதன் ஏறினார், பல வாய்தாக்களுக்குப் பிறகு. சேவகர் ஓடிப்போய்க் கூண்டுக்குள் ஒரு நாற்காலி போட்டார். யாரும் போடச் சொல்லவில்லை, தானாக நடந்தது. குடல் வெட்டிய வயிற்றோடு தான் அன்று முழுக்க நின்றது முத்துத்தாய்க்கு ஞாபகம் வந்தது. நீதிபதியும் அந்த நாற்காலியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் காகிதங்களைப் புரட்டினார்.

சுப்பராமன் கேட்ட கேள்விகளுக்கு டாக்டர் இங்கிலீஷில் பதில் சொன்னார். நீளமாக, தங்குதடையில்லாமல். சுப்பராமனும் இங்கிலீஷுக்கு மாறினார். அனந்தராமன் நடுவில் ஒரு வார்த்தை போட, மூன்று பேரும் லேசாகச் சிரித்துக்கொண்டார்கள். அவளுடைய வயிற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவளுடைய குடல், அவளுடைய நாற்றம். அதில் அவளுக்குப் புரிந்த ஒரே சொல் 'பேஷண்ட்'.

பக்கத்தில் இருந்த கண்ணுச்சாமியிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நாற்றத்தைப் பற்றிக் கேட்டாயிற்று, ஞாபகம் இல்லை என்கிறார் என்று அவர் காதோடு சொன்னார். கேட்டாயிற்றா? அந்தக் கேள்வி அவளைத் தாண்டிப் போய்விட்டதா, அவளுக்குத் தெரியாமலே?

அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, தமிழ்ல சொல்லச் சொல்லுங்க."

சேவகர் உஷ் என்றார். தவசி அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அவள் உட்காரவில்லை.

"அவரு எங்கிட்டப் பேசுனப்பத் தமிழ்லதான் பேசுனாரு. குளின்னு தமிழ்லதான் சொன்னாரு. இப்பவும் தமிழ்லயே சொல்லட்டும்."

இப்படியெல்லாம் நடுவில் எழுந்து பேசக்கூடாது என்று நீதிபதி அவளைக் கண்டித்தார். வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் நீதிபதி டாக்டர் பக்கம் திரும்பி, தமிழில் சொல்வதில் உங்களுக்கு ஏதும் சிரமமா என்று கேட்டார். இல்லை என்றார் கைலாசநாதன். முதல் முறையாக அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சுப்பராமன் மறுபடி கேட்டார். தமிழில் கேட்டார்.

"இந்தப் பெண் வந்தபோது துர்நாற்றம் இருந்ததா?"

"இருந்திருக்கலாம்."

"நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டதா சாட்சியம் இருக்கு. இருந்ததா, இல்லையா?"

"இருந்தது."

"எங்கிருந்து வந்தது?"

தட்டச்சுக்காரர் விரல்களை மிஷினுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"புண் இருந்த இடத்தில இருந்து."

"அப்ப கட்டை அவிழ்த்துப் பாத்தீங்களா? வயித்தைத் தொட்டாவது பாத்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

நீதிபதி கேட்டும் டாக்டர் பேசவில்லை. பதில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

முத்துத்தாய் அப்போதுதான் உட்கார்ந்தாள். இந்த நிமிஷத்துக்கு அப்புறம் நெஞ்சு ஆறிவிடும் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். ஆறவில்லை. 'இல்லை' என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். முதல் முறை போனபோதே அந்த மேசையைச் சுற்றி வந்து தொட்டுப் பார்க்க ஒரு கை போதுமாயிருந்தது. அந்தக் கை வராததற்காக அவள் பாதி வயிற்றைக் கொடுத்துவிட்டு, ஏழை என்று பத்திரம் வாங்கிக்கொண்டு, இத்தனை பேர் முன்னால் நாற்றம் நாற்றம் என்று தன்னையே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. கோபம் குறைந்தபாடில்லை. முன்பு அவர் ஒருவர் மேல்தான் இருந்தது. இப்போது அந்த நாற்காலி மேல், அதைத் தூக்கி வந்த சேவகர் மேல், சேர்ந்து சிரித்த மூன்று பேர் மேலும் பரவியிருந்தது.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடிக் கடையில் தவசி டீ வாங்கிக்கொண்டு வந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகம் தெளிந்திருந்தது. தீர்ப்பு எப்படி வந்தாலும் கேஸ் மெட்ராசுக்கு அப்பீல் போகும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்று கண்ணுச்சாமி சொல்லியிருந்ததெல்லாம் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"தொட்டே பாக்கலன்னு ஒத்துக்கிட்டாரு பாத்தியா. அம்புட்டுப் பேரு முன்னாடி ஒத்துக்கிட்டாரே" என்றான்.

முத்துத்தாய் டம்ளரை வாங்கினாள். அவனை அவள் நேராகப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

"ஆமா, அவரு ஒத்துக்கிட்டாரு" என்றாள். "நீ?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்தான். களம், காவல் என்று என்னவோ வந்தது, பாதியில் நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள். திருமங்கலம் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டீயில் ஆடை கட்டியது. அவள் இடத்தை விட்டு அசையவில்லை.